கழஞ்சும் மஞ்சாடியும்: பெரிய கோயில் சுவரில் பொன் கணக்கு

தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்க்கப் போகிறவர் பையில் முதலில் போட்டுக்கொள்ள வேண்டியது இருபது மஞ்சாடி விதை. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் அதற்கு அப்புறம்தான். பல்லாங்குழி ஆடுகிற வீட்டில் டப்பா நிறைய இருக்கும். நான்கு விதை ஏறக்குறைய ஒரு கிராம், இருபது விதை ஒரு கழஞ்சு, அதுதான் அந்தக் காலத்துப் பொன் எடை. ஒரு மஞ்சாடிக்கு இரண்டு குன்றி. அந்தக் கனத்தை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்துக்கொண்டு உள்ளே போனால், பூச்சி ஊர்ந்த தடம் மாதிரி தெரிந்த சுவரெழுத்து நகைக்கடை ரசீதாக மாறிவிடும்.

சோழநாடு சோறுடைத்து என்றுதான் சொன்னார்கள். பொன்னுடைத்து என்று யாரும் சொல்லவில்லை. இங்கே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் வண்டலும் மணலும்தான். பொன் தோண்டிய ஊர் கோலார் தங்கவயல். அதற்கும் நம் ஆற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு: 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுத்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியாகப் போய் அந்தச் சுரங்கங்களைத்தான் ஓட்டியது. சுரங்கங்கள் 2001 பிப்ரவரியில் மூடப்பட்டன. அங்கே போகிறவர்கள் இன்று பார்ப்பது தங்கத்தை அல்ல, தங்கம் போன பிறகு நிற்கும் கழிவு மண்மேடுகளை. தஞ்சாவூரிலும் கிட்டத்தட்ட அதே நிலைதான். ராஜராஜன் கொடுத்த பொன் பாத்திரமோ பூவோ பார்வைக்குக் கிடையாது. ஆனால் எவ்வளவு வந்தது, எங்கிருந்து வந்தது, யார் கொடுத்தார், எந்தக் கல்லை வைத்து நிறுத்தார்கள் என்ற கணக்கு மட்டும் ஆயிரம் ஆண்டுக்குப் பிறகும் கல்லில் இருக்கிறது.

வழிகாட்டிகள் இந்தப் பக்கம் அழைத்துப்போவது அரிது. கோபுர நிழல் தரையில் விழாது என்பார்கள். விழும், மாலை நான்கு மணிக்கு வந்து நின்றால் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். உச்சியில் இருப்பது எண்பது டன் ஒரே கல் என்பார்கள். அது பல துண்டுகளை இணைத்துக் கட்டிய சிகரம். நந்தி வளர்ந்துகொண்டே போனதாகவும் முதுகில் ஆணி அடித்து நிறுத்தியதாகவும் ஒரு கதை. இன்றைய பெரிய நந்தியும் அதன் மண்டபமும் நாயக்கர் காலத்தவை. விமானத்தின் வடபுறத்தில் தொப்பி வைத்த ஐரோப்பியர் உருவத்தைக் காட்டி, வரப்போகிறவனை ராஜராஜன் அன்றே அறிந்திருந்தான் என்பார்கள். பிற்காலத்தில் சேர்த்த உருவம் அது. கதை கேட்பதில் தப்பில்லை, பிள்ளைகள் ரசிப்பார்கள். ஆனால் இரண்டு மணி நேரத்துக்குப் பணம் கொடுத்து வழிகாட்டி வைக்கிறவர், பேரம் பேசும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடலாம்: "ஆடவல்லான் என்கிற கல் என்னங்க?" சட்டென்று பதில் சொல்பவரைக் கூட்டிக்கொண்டு போகலாம். அடையாள அட்டையைப் பார்ப்பது, தொகையையும் நேரத்தையும் முன்கூட்டியே பேசி முடிப்பது எல்லாம் எந்த ஊருக்கும் பொதுவான எச்சரிக்கை.

அந்தக் கேள்விக்குப் பதில் இதுதான். கோயிலுக்கு வந்த பொன்னை நிறுக்க வைத்திருந்த எடைக்கல்லுக்கு ஆடவல்லான் என்று பெயர். கூத்தபிரானின் பெயரையே வைத்திருக்கிறார்கள். நெல் அளந்த மரக்காலுக்கும் அதே பெயர். இழைத்த நகைகளை நிறுக்கத் தட்சிணமேருவிடங்கன் என்று வேறொரு கல். "ஆடவல்லான் என்னும் கல்லால் நிறை" என்ற தொடர் திரும்பத் திரும்ப வரும். ஊருக்கு ஊர் எடைக்கல் மாறிய காலம் அது. எந்தக் கல் என்று சொல்லாமல் எடையை மட்டும் எழுதினால் நாளைக்கு எவரும் மறுத்துப் பேசலாம். அந்த வாயை அடைக்கத்தான் கல்லின் பெயர். இன்றைக்கு நகையில் பார்க்கிற ஹால்மார்க் முத்திரை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

எப்போது போவது என்பதை வெயில்தான் தீர்மானிக்கும், கூட்டம் அல்ல. வெட்டெழுத்தைப் படிக்க நேர்வெளிச்சம் உதவாது. பக்கவாட்டில் உரசிப்போகும் வெயில் வேண்டும். அப்போதுதான் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எடுப்பாகத் தெரியும். கோயில் கிழக்கு நோக்கியது. பங்குனி முதல் வாரம் கழிந்ததிலிருந்து புரட்டாசி முதல் வாரம் வரை சூரியன் நேர்கிழக்குக்குச் சற்று வடக்கே உதிக்கும். அந்த மாதங்களில் காலை ஏழரை மணி வெயில் விமானத்தின் வடபுறச் சுவரைத் தடவிக்கொண்டு போகும். மற்ற மாதங்களில் தென்புறம். மார்கழியில் வடபுறம் நாள் முழுக்க நிழல்தான், அங்கே நின்று கண்ணைக் கசக்குவது வீண். சித்திரை, வைகாசியில் பத்தரைக்கு மேல் கல்தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பதால் நிழலுக்கு நிழல் ஓடத்தான் முடியும், படிக்க முடியாது. ஐப்பசி மழையில் கல் வழுக்கும், ஆனால் நனைந்த கல்லில் சில வரிகள் நன்றாகவே தெரியும். பிரதோஷத்தன்று மாலை வேண்டவே வேண்டாம். நந்தி அபிஷேகத்துக்கு ஊரே திரண்டு நிற்கும். ஐப்பசிச் சதயத்தில் ராஜராஜனுக்கு விழா எடுப்பார்கள், அதுவும் கணக்குப் படிக்கிற நாள் அல்ல. நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் சாமி கும்பிடுவதை முதலில் முடித்துவிட்டுச் சுவருக்கு வருவது நல்லது.

கையில் ஒரு சிறிய டார்ச் இருக்கட்டும். எழுத்துக்கு நேராக அடிக்காமல், சுவரோடு சுவராகச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். செல்பேசியில் ஃபிளாஷ் போட்டு எடுத்தால் எழுத்தெல்லாம் தட்டையாகிக் காணாமல் போகும். ஃபிளாஷை அணைத்துவிட்டு, இன்னொருவரைப் பக்கத்தில் டார்ச்சோடு நிறுத்தி எடுத்தால் வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் படிக்கலாம். சுண்ணக்கட்டியோ திருநீறோ விபூதியோ பள்ளத்தில் தடவக் கூடாது. முன்காலத்தில் அப்படிச் செய்வார்கள். அது கல்லுக்குக் கெடுதல், இப்போது தொல்லியல் துறைக் காவலர் பார்த்தால் சும்மா விடமாட்டார்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உதவி, தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியிலிருந்து நான்கைந்து பக்கங்களை அச்செடுத்துக்கொண்டு போவது. ஜெர்மானியக் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் படித்து 1891 முதல் பகுதி பகுதியாக வெளியிட்டது அது. கோயிலைக் கட்டியவன் யார் என்பதே அதற்கு முன் ஊரில் தெளிவாகத் தெரியாது. குட்டம் பிடித்த ஒரு சோழன் கட்டினான் என்று தலபுராணம் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தார்கள். சுவரிலேயே பெயர் இருந்தும் படிக்க ஆளில்லை. அச்சுப்பாடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் அதே வரியைத் தேடுவதுதான் பழகும் வழி. வெறும் சுவரைப் பார்த்துத் தானாகப் படித்துவிடலாம் என்று கிளம்பினால் அரைமணியில் சலித்துவிடும்.

எழுத்து நம் எழுத்துதான், ஆனால் சில இடங்களில் காலை வாரும். முதலாவது, புள்ளி பெரும்பாலும் இருக்காது. "பொன்" என்று தேடினால் கிடைக்காது, "பொன" என்று தேட வேண்டும். அப்படியே கழஞசு, மஞசாடி, குனறி. அடுத்து, ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வேறுபாடு இல்லை. எ, ஏ இரண்டுக்கும் ஒரே வடிவம். ரகரமும் காலும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் ஒரு சொல்லை இரண்டு விதமாகப் படிக்க நேரும். அர்த்தம் எது பொருந்துகிறதோ அதுதான் சரி. சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஸ்வஸ்திஸ்ரீ போன்ற வடசொற்கள் கிரந்தத்தில் இருக்கும். பழக ஏற்ற இடம் மெய்க்கீர்த்தி, அதாவது அரசனின் புகழைப் பாடும் தொடக்கப் பகுதி: "திருமகள் போலப் பெருநிலச் செல்வியும்" என்று தொடங்குவது. பள்ளிக்கூடத்தில் கேட்ட வரி என்பதால் பாதி எழுத்தை ஊகித்தே படித்துவிடலாம், அந்தப் பழக்கம் அடுத்த பத்திக்கு உதவும். எண்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், தொகைகள் நிறைய இடங்களில் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கும்.

முதல் தேடல் அரசாணையாக இருக்கட்டும். 26ஆவது ஆட்சியாண்டு, 20ஆம் நாள். தஞ்சாவூர் அரண்மனைத் திருமஞ்சனசாலையில் (குளியல் மண்டபத்தில்) இருந்தபடி ராஜராஜன் சொன்னது: "நாங்குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும் மற்றுங் குடுத்தார் குடுத்தனவும்" கல்லிலே வெட்டுக. "குடுத்தன" என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைக்கும் நம் ஊரில் "குடுத்தான்" என்றுதான் பேசுகிறோம். அக்கன் என்பது குந்தவை. அரசனுக்கு அடுத்து அக்காள், அப்புறம் மனைவியர், அப்புறம் மற்றவர் என்ற அந்த வரிசையைப் பற்றி எழுதித் தீராது.

பொன் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கவில்லை. சேரமானையும் பாண்டியர்களையும் மலைநாட்டில் வென்று கொண்ட பண்டாரத்திலிருந்து (கருவூலத்திலிருந்து) என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். சாளுக்கிய அரசன் சத்தியாசிரயனை வென்று திரும்பியபோது இறைவன் திருவடியில் இட்ட பொற்பூக்களும் கணக்கில் உண்டு. ஆக, இந்த ஊருக்குச் சுரங்கம் என்றால் அது போர்க்களம்தான். கோயிலின் வாசல் ஒன்றுக்குக் கேரளாந்தகன், அதாவது கேரளருக்கு எமன், என்று பெயர் வைத்தது சும்மா இல்லை; மராட்டா வாசலைத் தாண்டியதும் வருவது அதுதான். சிற்பம் பார்க்க நிற்கிறவர்கள் அதற்கு அடுத்த ராஜராஜன் வாசலின் அடித்தளத்தையும் குனிந்து பார்க்கலாம்.

ஒரு தொகையை மட்டும் கையால் போட்டுப் பார்ப்போம். 25ஆவது ஆண்டின் 275ஆம் நாள், அதாவது 1010இல், விமானத்தின் உச்சிக்குச் செப்புக்குடம் கொடுக்கப்பட்டது. செம்பின் நிறை, பலம் என்ற பழைய எடையில், 3,083. அதன் மேல் போர்த்த பொன் 2,926½ கழஞ்சு. கழஞ்சை ஐந்தேகால் கிராம் என்று வைத்தால் 15 கிலோவுக்குச் சற்று மேல். இன்றைய பேச்சில் ஏறக்குறைய 1,900 சவரன். "அரை" கழஞ்சைக்கூட விடவில்லை என்பதுதான் இங்கே விஷயம். விமானத்தின் பதின்மூன்று நிலைக்கு மேலே ஏறிப் போய் எவன் நிறுத்துப் பார்க்கப் போகிறான்? இருந்தும் பத்து மஞ்சாடியை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நகைப் பகுதிக்கு வந்தால் தட்டார் பட்டறைக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். முத்து என்று ஒற்றைச் சொல்லில் முடிப்பதில்லை. வட்டம், அநுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், அம்புமுது, கறடு, இரட்டை, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று தரம் பிரிக்கிறார்கள். உருண்டை எது, ஏறக்குறைய உருண்டை எது, ஒட்டிப் பிறந்தது எது, சொரசொரப்பானது எது என்று குறையையும் சேர்த்தே எழுதுகிற கணக்கு இது. எடை சொல்லும்போது உள்ளே வைத்த அரக்கையும் சேர்த்தா என்பதைச் சொல்லி, காசில் விலையையும் போடுகிறார்கள். அரக்கை எடையில் சேர்த்து விற்கிறார்களா என்பது இன்றைக்கும் கல்நகை வாங்குகிறவர் கேட்க வேண்டிய கேள்விதான்.

பொன்னைப் பெட்டியில் பூட்டி வைத்ததோடு நிற்கவில்லை, காசை ஊர்ச்சபைகளுக்கு வட்டிக்கு விட்டிருக்கிறார்கள். விகிதம்: ஆட்டைவட்டம் காசின்வாய் அரைக்கால். அதாவது ஆண்டுக்கு ஒரு காசுக்கு எட்டில் ஒரு பங்கு, பன்னிரண்டரை சதவீதம். சில ஊர்கள் நெல்லாகக் கட்டின, காசுக்கு முக்குறுணி. இரண்டும் வேறுவேறு போலத் தோன்றும். ஒரு காசுக்கு இரண்டு கலம் நெல் என்ற விலையை வைத்துப் பாருங்கள். கலத்துக்குப் பன்னிரண்டு குறுணி, இரண்டு கலத்துக்கு இருபத்துநான்கு குறுணி, அதில் எட்டில் ஒன்று மூன்று குறுணி. கணக்கு இம்மியும் பிசகவில்லை. அந்த வட்டியில்தான் திருமஞ்சன நீருக்கு ஏல அரிசி, செண்பக மொட்டு, இலாமிச்சம் வேர் எல்லாம் வாங்கினார்கள். விளக்குக் கணக்கும் அதே நேர்த்திதான்: ஒரு விளக்குக்கு நாள்தோறும் உழக்கு நெய், அதற்கு 96 ஆடு அல்லது 48 பசு அல்லது 16 எருமை. இரண்டு ஆட்டுக்கு ஒரு பசு, மூன்று பசுவுக்கு ஒரு எருமை என்ற மாற்று விகிதம் அதிலேயே இருக்கிறது. மாடு வளர்த்த டெல்டாக்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செப்புத்திருமேனிகளைப் பற்றிய கல்வெட்டுகள் சுற்று மாளிகைப் பக்கம் இருக்கின்றன. அந்தத் திருச்சுற்று மாளிகையை எடுப்பித்தவன் சேனாபதி கிருஷ்ணன் ராமனான மும்முடிசோழ பிரம்மமாராயன். உயரத்தை முழத்தாலும் விரலாலும் அளந்து, எத்தனை கை, என்ன பீடம் என்று விவரித்திருக்கிறார்கள். கோயில் நிருவாகம் பார்த்த ஆதித்தன் சூரியனான தென்னவன் மூவேந்தவேளான் ராஜராஜனுக்கும் அவன் அரசி ஒலோகமாதேவிக்கும் திருமேனி எடுத்ததும் அங்கேதான் பதிவாகியிருக்கிறது. ராஜராஜன், லோகமாதேவி என்று அடையாளம் சொல்லி 2018இல் குஜராத்திலிருந்து மீட்டு வந்த சிலைகளைப் பற்றிய பேச்சிலும் இந்த வரிகள்தாம் சாட்சி. கருவறையைச் சுற்றிய உள்நடையில் 1931இல் கண்டறிந்த சோழர் ஓவியமும், மேல்தளத்து 81 கரணச் (நடன நிலை) சிற்பமும் பொதுமக்கள் பார்வைக்கு இல்லை. "பேசிக் கூட்டிப்போகிறேன்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

தென்மேற்கில் வேறு எழுத்தில் நெருக்கமாக வெட்டிய நீண்ட கல்வெட்டு ஒன்றைப் பார்ப்பீர்கள். 1803இல் சரபோஜி காலத்தில் வெட்டிய மராட்டிய வம்ச வரலாறு அது. மொழி தெரியாவிட்டால் நீளத்தை வியந்துவிட்டு நகரலாம்.

கோயிலிலிருந்து வெளியே வந்ததும் பொன் இன்னொரு உருவத்தில் காத்திருக்கும்: தஞ்சாவூர் ஓவியக் கடைகள். வாங்குவதாக இருந்தால் மூன்று கேள்வி. பலகை என்ன? முன்பு பலா, இப்போது பெரும்பாலும் ஒட்டுப்பலகை. ஒட்டுப்பலகை மோசமில்லை, ஆனால் பின்புறம் காற்றுப் படாமல் சுவரோடு ஒட்டி மாட்டினால் கார்த்திகை ஈரத்தில் துணி உப்பிக்கொள்ளும். மக்கு எப்படிப் போட்டிருக்கிறார்கள்? சுண்ணத்தூளும் பிசினும் சேர்ந்த மக்கு நன்றாகக் காய்வதற்குள் ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) ஒட்டினால் சில மாதத்தில் மயிர்க்கோடு போல வெடிப்பு விடும். ஓரத்தில் சாய்த்துப் பார்த்தால் தெரியும். ரேக்கு தங்கம்தானா? போலி ரேக்கு முதலில் தங்கத்தைவிட அதிகமாகவே மின்னும், பிறகு கறுக்கும். உண்மையான தங்க ரேக்கு சற்று அடங்கிய மஞ்சளாக இருக்கும், கறுக்காது. விலை மலிவாகச் சொல்லி "அசல் தங்கம்" என்றால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

அரண்மனையில் கலைக்கூடத்தை மட்டும் தவறவிட வேண்டாம். திருவெண்காட்டுச் செப்புத்திருமேனிகளுக்கு முன் அரைமணி நின்றால், முழத்தால் அளந்து எழுதியவர்கள் எதை அளந்தார்கள் என்பது புரியும்.

அன்றைக்கு நேரம் மிச்சமிருந்தால் மறுபடி கோயில் பக்கமே வந்து, திருச்சுற்று மதிலின் வெளிப்புறத்து வடபக்கத்தைக் கேட்டுப் பாருங்கள். போக அனுமதிப்பது அன்றைய காவலரைப் பொறுத்தது. அங்கே பொன் இல்லை, வீட்டு முகவரி இருக்கிறது. கோயிலில் ஆடிப் பாடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூறு பேர். எந்தத் தெரு, எந்தச் சிறகு (தெருவின் எந்த வரிசை), எத்தனையாவது வீடு, எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள் என்று ஒவ்வொருத்திக்கும் எழுதியிருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு நூறு கலம் நெல். திருவாரூர், திருவையாறு, பழையாறை, நாகப்பட்டினம் என்று ஊர்ப்பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். நக்கன் என்று தொடங்கும் பெயருக்கு முன்னால் இருக்கும் ஊரைத்தான் தேட வேண்டும். கும்பகோணத்திலிருந்தோ ஆரூரிலிருந்தோ வந்தவர் பக்கத்து ஊரைச் சுவரில் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம் போதும். புள்ளி இருக்காது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.